முதல் குவில்ட்டுக்கு எளிய மெஷின் டிசைன்: கோளாறைப் பார்த்துக் கோட்டை மாற்றுங்கள்

வீட்டு மெஷினில் குவில்ட் தைப்பவர்கள் சொல்லும் கோளாறுகளில் பெரும்பாலானவை கைத்திறன் குறைவால் வருபவை அல்ல என்பது என் திடமான எண்ணம். அந்த மெஷினுக்கும் உள்ளே வைத்த பஞ்சுக்கும் ஒத்துவராத டிசைனைத் தேர்ந்தெடுத்ததால்தான் அவை வருகின்றன. சுருக்கம் விழுந்தால் டென்ஷன் திருகைத் திருகுகிறோம், ஊசியை மாற்றுகிறோம், நூலைக் குறை சொல்கிறோம். கோட்டை மாற்றிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

பேச வசதியாக ஒரு குவில்ட்டை எடுத்துக்கொள்வோம். 5 அங்குலச் சதுரங்களாக வெட்டிய பருத்தித் துணி, கால் அங்குலத் தையல், குறுக்கே 10 சதுரம், நீளவாக்கில் 12. தைத்து முடித்தபின் ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலமாக நிற்கும். மொத்தம் 45-க்கு 54 அங்குலம். மடியில் போட்டுக்கொள்ளலாம், குழந்தைக்குப் போர்த்தலாம். மேல் துணி, நடுவில் பேட்டிங் எனப்படும் பஞ்சு அடுக்கு, அடித் துணி என்று மூன்று அடுக்கு. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் கோடுகளைத்தான் இங்கே டிசைன் என்கிறேன்.

மேல் துணி தயார், எந்த டிசைன் போடுவதென்றே தெரியவில்லை

அழகைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது பேட்டிங். பாக்கெட்டில் வரும் பேட்டிங் என்றால், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வலை போன்ற தாங்கு துணியோடு சேர்த்து ஊசியால் குத்தி இறுக்கிய பருத்தி பேட்டிங் சிலவற்றில் 8 முதல் 10 அங்குலம் வரைகூட விடலாம். அப்படித் தாங்கு துணி இல்லாத பருத்தி பேட்டிங் பலவற்றில் 2 முதல் 4 அங்குலத்துக்குள் நிறுத்த வேண்டியிருக்கும். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பாலியஸ்டர் பஞ்சுக்கு இப்படி எந்தக் குறிப்பும் இருக்காது. அதற்கு 3, 4 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது, மெஷினில் ஊசிக்கு வலது பக்கம் இருக்கும் இடம். வீட்டு மெஷின்களில் இது பெரும்பாலும் 6, 7 அங்குலம்தான். பாதிக் குவில்ட்டைச் சுருட்டி அந்த இடைவெளிக்குள் நுழைக்க வேண்டும். அதனால் குவில்ட்டைத் திரும்பத் திரும்பச் சுற்ற வைக்கும் எந்த டிசைனும் முதல் முயற்சிக்கு ஆகாது. நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி விரியும் சுருள் கோடு படத்தில் எளிமையாகத் தெரியும். தைக்க உட்கார்ந்தால் முதல் சில சுற்றுகளில் மொத்தப் போர்வையையும் கையில் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, உங்களிடம் வாக்கிங் ஃபுட் இருக்கிறதா என்பது. ஃபுட் என்பது ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம். மெஷினின் பல் அடித் துணியை மட்டும் பின்னால் நகர்த்தும். சாதாரண ஃபுட் மேல் துணியை அழுத்தி முன்னால் தள்ளும். வாக்கிங் ஃபுட்டுக்கு மேலேயும் பல் இருப்பதால் இரண்டும் சேர்ந்து நகரும். வாங்கும்போது உங்கள் மெஷினின் ஃபுட் பொருத்தும் தண்டின் உயரத்துக்குச் சரியாக வருகிறதா, அதன் பக்கவாட்டுக் கை ஊசித் திருகின் மேல் உட்காருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நேர்க்கோடோ லேசான வளைவோ போடுவதற்கு இது ஒன்று போதும்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஒரு ஓரத்தில் தொடங்கி எங்கும் நிற்காமல் எதிர் ஓரத்தில் முடியும் கோடுதான் முதல் குவில்ட்டுக்குச் சரி. அது நேர்க்கோடாக இருக்கலாம், மெல்லிய அலையாக இருக்கலாம், மூலைவிட்டமாக இருக்கலாம்.

இணைப்பின் பள்ளத்திலேயே தைத்தேன், கோணல்மாணலாகத் தெரிகிறது

சதுரங்கள் சேரும் இடத்தில் பள்ளத்துக்குள்ளேயே ஊசியை ஓட்டுவதுதான் எளிது என்று புதிதாகத் தைப்பவர்களுக்குச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வரிசைகளை இணைக்கும்போது முனைகள் சரியாகப் பொருந்துவதற்காக, ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடுவோம். விளைவு? மேலிருந்து கீழே வரும் ஒரே இணைப்பில், ஒவ்வொரு நாலரை அங்குலத்துக்கும் மேடு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறும். பள்ளமும் மாறும். ஊசி அங்கே மேட்டில் ஏறியே தீரும். அரை மில்லிமீட்டர் விலகினாலும், அந்தக் கோடு மறைந்திருக்க வேண்டிய கோடு என்பதால் கண் நேராக அங்கேதான் போகும்.

பள்ளத்தை விட்டுவிட்டு, இணைப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி, இருபுறமும் ஒவ்வொரு கோடு போடுங்கள். ஃபுட்டின் ஓரத்தை இணைப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டினால் கோடு வரையவே வேண்டாம். ஃபுட் கொஞ்சம் அகலமாக இருந்து கால் அங்குலம் என்பது சற்றே கூடினாலும் பாதகமில்லை, எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் சரி. இரண்டு திசையிலும் போட்டால் ஒவ்வொரு சதுரத்துக்கும் நடுவே 4 அங்குல வெற்றிடம் மிஞ்சும். நல்ல பருத்தி பேட்டிங்குக்கு அது தாராளமாகப் போதும்.

நம் 45-க்கு 54 குவில்ட்டில் இது நீளவாக்கில் 18, குறுக்கே 22, ஆக 40 கோடுகள். மொத்தத் தையல் நீளம் கிட்டத்தட்ட 50 மீட்டர். மேல் நூல், பாபின் நூல் இரண்டும் தனித்தனியே 60, 70 மீட்டர் இருக்கும்படி வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாபின்களை முன்கூட்டியே சுற்றி வைத்தால் நடுக்கோட்டில் நூல் தீர்ந்து நிற்க வேண்டியிருக்காது.

பள்ளத்தில்தான் தைக்க வேண்டும் என்றால், மடிப்பு இல்லாத தாழ்ந்த பக்கத்தில், மேட்டை ஒட்டி ஓட்டுங்கள். மடிப்பை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட்ட இணைப்பில் பள்ளத் தையல் வேண்டவே வேண்டாம். அங்கே ஊசிக்குக் கீழே துணி இருக்காது, இணைத்த நூல்தான் இருக்கும்.

இரண்டு கோடுகளுக்கு நடுவே துணி சாய்வாக இழுக்கிறது

நெருக்கமான இணைகோடுகளில் இது சகஜம். கோடுகள் நேராகவே இருக்கும். ஆனால் நடுவில் இருக்கும் துணியில் சாய்வுச் சாய்வாக மெல்லிய சுருக்கம் ஓடும். ஒரு கோட்டை மேலிருந்து கீழே தைத்துவிட்டு, குவில்ட்டைத் திருப்பி அடுத்ததைக் கீழிருந்து மேலே தைத்திருப்பீர்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஃபுட் மேல் துணியைக் கொஞ்சமாவது தள்ளுகிறது. ஒன்று ஒரு திசையிலும் அடுத்தது எதிர்த் திசையிலும் தள்ளும்போது, நடுவில் மாட்டிய பட்டை முறுக்கிக்கொள்கிறது.

தீர்வு கோடு போடும் வரிசையில் இருக்கிறது. முதலில் நடு இணைப்பை ஒட்டி ஒரு கோடு. அதற்கு வலப்பக்கம் உள்ள கோடுகளை எல்லாம் ஒரே திசையில், நடுவிலிருந்து ஓரம் நோக்கி நகர்ந்தபடி முடியுங்கள். அப்புறம் குவில்ட்டை முழுதாகத் திருப்பி மறுபாதியை இதே போல் முடியுங்கள். இன்னும் பாதுகாப்பான வழி, 8, 9 அங்குலத்துக்கு ஒன்றாக முதலில் குவில்ட் முழுவதும் நங்கூரக் கோடுகள் போட்டுவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்புவது. நங்கூரக் கோடுகள் துணியை அதனதன் இடத்தில் பிடித்துவிடுவதால், நிரப்பும்போது தள்ளுவதற்கு அதிகத் துணி இருக்காது.

இவ்வளவு கவனம் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்லும் டிசைன் மெல்லிய அலை. வாக்கிங் ஃபுட்டிலேயே, துணியை இரண்டு கையாலும் இடமும் வலமும் லேசாக நெளித்தபடி ஓரத்திலிருந்து ஓரம் வரை போங்கள். எந்த அலையும் அடுத்த அலையைப் போல இருக்க வேண்டியதில்லை. சில இடத்தில் நெருங்கட்டும், சில இடத்தில் 2 அங்குலம் விலகட்டும். நேர்க்கோட்டில் குற்றமாகத் தெரிகிற அதே விலகல் அலையில் டிசைனாகிவிடுகிறது. சாய்ந்த சுருக்கம் இருந்தாலும் எடுத்துத் தெரியாது. சதுரம் சதுரமாக இருக்கும் மேல் துணிக்கு வளைந்த கோடு ஒரு மென்மையையும் கொடுக்கும். நேர்த்தையல் மட்டுமே வரும் பழைய கறுப்பு மெஷினிலும் இது அருமையாக வரும். முதல் குவில்ட்டுக்கு ஒரே ஒரு டிசைனைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கோடுகள் குறுக்கிடும் இடத்தில் துணி குவிந்து மடிகிறது

நீளக் கோடுகளை எல்லாம் முடித்துவிட்டுக் குறுக்கே வரும்போது, ஃபுட் தள்ளிக்கொண்டு வந்த துணி, ஏற்கெனவே தைத்த கோட்டில் போய் முட்டும். தப்பிக்க வழியில்லாமல் அங்கேயே மடிந்து தையலுக்குள் மாட்டிக்கொள்ளும்.

நீளத்துக்கு ஒரு நடுக்கோடு, குறுக்கே ஒரு நடுக்கோடு, பின் இரண்டு திசையிலும் நங்கூரங்கள், கடைசியில் நிரப்பல் என்று போனால் இது வெகுவாகக் குறையும். மூன்று அடுக்கையும் சேர்த்துக் குத்தும் ஊக்குகள் 4 அங்குலத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். கையை விரித்து எங்கே வைத்தாலும் ஒரு ஊக்காவது தட்டுப்பட வேண்டும். ஃபுட் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் மெஷினில் இருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். குறுக்குக் கோட்டுக்கு ஒரு அங்குலம் முன்பாகவே வேகத்தைக் குறைத்து, துணியை விரலால் இருபுறமும் நீவிவிட்டுக் கடந்து போங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மடிந்தால், குறுக்குக் கோடுகளையே விட்டுவிடுங்கள். ஒரே திசையில் மட்டும் ஓடும் கோடுகள் அரைகுறை டிசைன் ஆகிவிடாது. அவற்றில் குறுக்கீடே இல்லாததால் இந்தக் கோளாறுக்கு இடமும் இல்லை.

மூலைவிட்டக் கட்டத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சதுரங்களின் மூலைக்கு மூலை ஊசியை ஓட்டினால் கோடு வரையாமலே அழகான சாய்சதுரக் கட்டம் கிடைக்கும். நாலரை அங்குலச் சதுரத்தில் கோடுகளுக்கு நடுவே 3 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும், பாலியஸ்டர் பஞ்சுக்குக்கூடப் பொருத்தம். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மூலைவிட்டம் என்பது துணியின் குறுக்கு இழைக்கும் நெடுக்கு இழைக்கும் நடுவே, சாய்வாகப் போகும் திசை. அந்தத் திசையில் துணி இழுபடும். கையால் முன்னால் இழுத்தோ பின்னாலிருந்து தள்ளியோ தைத்தால் கட்டாயம் அலையடிக்கும். துணியின் கனத்தை மேஜை தாங்கட்டும், நகர்த்துவதை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும். மேஜை ஓரத்திலிருந்து குவில்ட் கீழே தொங்கினால் அந்தக் கனமே இழுத்துவிடும். பக்கத்தில் ஒரு நாற்காலியோ ஸ்டூலோ போட்டுத் தாங்கல் கொடுங்கள்.

முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது, பின்பக்கம் மடிப்பு

இது டிசைன் செய்த கோளாறு அல்ல. அடித் துணி தளர்ந்திருந்திருக்கிறது. தரையைத் துடைத்துவிட்டு, அடித் துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கமில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் இழுபடக் கூடாது. அடித் துணி எல்லாப் பக்கமும் 3, 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த அடித் துணி வழுக்காமல் நிற்கும். பழைய மெல்லிய புடவையை அடியில் போடுபவர்களுக்குக் கஞ்சி மிக அவசியம். ஒவ்வொரு கோடு முடிந்ததும் கையை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் அந்த இடத்துக்கு இருபுறமும் நான்கைந்து அங்குலம் பிரித்து, உபரித் துணியைப் பரவலாக நீவிவிட்டு மறுபடி தைக்கலாம்.

மெஷின் குவில்ட்டில் எப்போதும் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவது இதற்காகத்தான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குவில்ட்டில் முறை நேர் எதிர்: ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றி வருவார்கள். அவர்கள் தைப்பது கையால். துண்டுகளையும் முன்கூட்டியே இணைத்து வைப்பதில்லை, தைத்துக்கொண்டே போகும்போது ஒவ்வொன்றாக வைத்து மடிக்கிறார்கள். உபரித் துணி சேரவே இடமில்லாத அருமையான முறை அது. மேல் துணியை முழுதாக இணைத்துவிட்டு மெஷினுக்கு வரும் நமக்கு அது ஒத்துவராது.

ஓரங்கள் தட்டையாகப் படுக்கவில்லை, அலையலையாக நிற்கின்றன

ஒவ்வொரு தையல் கோடும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கிறது. நடுவில் ஒரு அங்குலத்துக்கு ஒரு கோடும், கரையில் 5 அங்குலத்துக்கு ஒன்றுமாகப் போட்டால், நடுப்பகுதி சுருங்கும், கரை சுருங்காது. மிஞ்சிய துணி அலையாக எழும்பும். நடுவில் வேலைப்பாட்டைக் கொட்டி, களைத்துப்போய்க் கரையைச் சும்மா விட்டுவிடும் குவில்ட்டுகளில் இதைப் பார்க்கலாம்.

டிசைனைத் தேர்ந்தெடுக்கும்போதே, அதைக் கரை வரைக்கும் அதே நெருக்கத்தில் போடப் பொறுமை இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இடைவெளியைக் கூட்டுங்கள். ஏற்கெனவே அலையடித்துவிட்டதா? ஓரத்துப் பட்டி தைக்கும் முன்பு கரைக்கும் அதே நெருக்கத்தில் கோடுகளைப் போட்டுவிடுங்கள். மீதமிருக்கும் அலைக்கு, விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே வாக்கிங் ஃபுட்டால் சுற்றிலும் ஒரு தையல். பின் குவில்ட்டின் நடுவே அளந்த நீளத்துக்குப் பட்டியில் குறி போட்டு, விளிம்பை அந்த அளவுக்குள் ஊக்கு குத்தி அடக்கித் தையுங்கள்.

போர்வை அட்டை போல விறைப்பாக இருக்கிறது

கோடுகள் மிக நெருக்கம். அரை அங்குல இடைவெளியில் முழுக்கக் கோடு போட்ட குவில்ட் சுவரில் மாட்டினால் கம்பீரமாக இருக்கும், உடம்போடு படியாது. போர்த்திக்கொள்வதற்கு 2, 3 அங்குலம் போதும். பருத்தி பேட்டிங்காக இருந்தால் துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிவிடும். முதல் சலவையில் அது கொஞ்சம் சுருங்கி, குவில்ட்டுக்கே உரிய அந்தச் சின்னச் சின்னச் சுருக்கங்களைக் கொடுக்கும். பாலியஸ்டரில் அந்த அளவு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. கோடு ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிப்பதுதான் வழி. பொறுமை இருந்தால் அது வீண் வேலை இல்லை.

துவைத்ததும் உள்ளே பஞ்சு திரண்டுவிட்டது

இது நேர்மாறு: கோடுகள் மிகத் தூரம். ஈரத்தோடு இருக்கும்போதே திரண்ட இடங்களைக் கையால் பிரித்துத் தட்டையாக்கி, தரையில் விரித்து உலர்த்தி, காய்ந்தபின் நடுவே கூடுதல் கோடுகள் போடுங்கள். தலையணைக்கு அடைக்கும் இலவம் பஞ்சை மட்டும் குவில்ட்டுக்கு உள்ளே வைக்காதீர்கள், எந்த டிசைனும் அதைப் பிடித்து நிறுத்தாது. இடைவெளி விட ஆசைப்படுபவர்கள் நடுவில் பஞ்சுக்குப் பதில் ஃபிளானல் துணியோ மெத்தென்ற பழைய பருத்திப் புடவையோ வைக்கலாம். துணி என்பதால் அது திரளாது. வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளையே அடுக்கடுக்காக வைத்துத் தைப்பது நம் வெயிலுக்கும் பொருந்துகிற யோசனை.

இவ்வளவு தைத்தும் டிசைன் தெரியவே இல்லை

பூப்போட்ட துணியில் எந்தத் தையலும் தெரியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் பகுதி ஆமிஷ் மக்களின் பழைய குவில்ட்டுகளில் இறகு வேலைப்பாடு அத்தனை எடுப்பாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அவர்கள் பயன்படுத்திய ஒற்றை நிறத் துணி. உங்கள் சதுரங்கள் எல்லாம் அச்சுத் துணி என்றால் நுணுக்கமான டிசைனில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அலையே போதும். எதிர்ப்பக்கம் இன்னொரு புகார் வரும்: தையலின் ஒவ்வொரு பிசகும் பளிச்சென்று தெரிகிறது என்பது. அதற்குத் துணியின் நிறத்திலேயே, அல்லது ஒரு சாயல் மங்கலாக நூல் எடுங்கள். பல நிறங்கள் கலந்த மேல் துணிக்குச் சாம்பல் நிறம் எல்லாவற்றோடும் போகும். தையல் நீளத்தை இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வையுங்கள். சட்டைக்கு வைப்பது போலப் பொடித் தையல் வைத்தால் தடித்த அடுக்குக்குள் அது புதைந்துபோகும்.

ஃப்ரீ மோஷனில் வளைவு வந்தால் பின்பக்க நூல் தளர்ந்து கிடக்கிறது

ஃப்ரீ மோஷன் என்பது மெஷினின் பல்லுக்கு வேலை கொடுக்காமல், துணியைக் கையாலேயே நகர்த்தித் தைப்பது. முதலில் மேல் நூலை முழுவதும் உருவி, ஃபுட்டைத் தூக்கிய நிலையில் மறுபடி கோத்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராது. புது ஊசி, 14-ஆம் நம்பர் போடுங்கள். இதற்கு மேலும் வளைவில் மட்டும் தளர்ந்தால், வளைவில் உங்கள் கை ஊசியை விட வேகமாக ஓடுகிறது. நேர்ப்பகுதியில் நிதானமாகவும் திருப்பத்தில் அவசரமாகவும் போவது எல்லோருக்கும் இயல்பாக வரும் பழக்கம். மோட்டார் வேகத்தை மாற்றாமல், திருப்பத்தில் கையை மட்டும் நிதானப்படுத்துங்கள்.

டிசைனிலும் உதவி உண்டு. பொடிப் பொடியாக நெளியும் புழுக் கோட்டை விட்டுவிட்டு, 2, 3 அங்குல அகலத்தில் பெரிதாக வளைந்து திரியும் கோட்டை எடுங்கள். இடையிடையே ஒரு சுழி போடலாம். பெரிய வளைவில் திருப்பம் குறைவு. வட்டம், இறகு, ஒரே அளவு இதழ்கள் போன்றவற்றில் ஒன்று இளைத்தாலும் பக்கத்தில் இருப்பது காட்டிக்கொடுத்துவிடும், அவை பின்னால் வரட்டும். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரு பக்கம் நிறைய அந்தக் கோட்டை வரைந்து பழகுங்கள். அடுத்து எங்கே திரும்புவது என்று கை தானாக அறிந்துகொண்டபின், மீந்த துணியில் ஓரடிச் சதுரமாக ஒரு மூன்றடுக்குத் துண்டு செய்து மெஷினில் ஓட்டிப் பாருங்கள்.

வரைந்த கோடு போகவில்லை

தண்ணீரில் அழியும் நீலப் பேனாவின் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டிருந்தால் அழிப்பது சிரமம். அந்தக் குவில்ட்டை முதலில் சோப்பு இல்லாமல் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துப் பார்க்க வேண்டும். சூட்டில் மறையும் ஜெல் பேனாவின் கோடு கடுங்குளிரில் திரும்பி வரக்கூடும், வெளிநாட்டுக்கு அனுப்பும் குவில்ட்டுக்கு வேண்டாம். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் ஓரமாகத் தைப்பது நல்ல வழி. ஆனால் நம் வெயிலில் நாள்கணக்கில் விட்டால் பசை துணியில் இறங்கிவிடும், அன்றே உரித்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது தேய்ந்துபோன வெள்ளைச் சோப்புச் சில்லு. அடர்நிறத் துணியில் கூர்மையாக எழுதும், துவைத்தால் சுவடே இருக்காது.

நடுக்கோட்டில் பாபின் நூல் தீர்ந்துவிட்டது

ஓரத்திலிருந்து ஓரம் வரை போகும் கோடுகளில் நூல் முனைகள் எல்லாம் பட்டிக்குள் மறைந்துவிடும், முடிச்சு வேலையே இல்லை. நடுவில் தீர்ந்தால் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்காதீர்கள், அந்த இடம் தடித்துத் தெரியும். தீர்ந்த இடத்தில் இரண்டு நூல்களும் 4 அங்குலமாவது கையில் நிற்கும் வரை சில தையலைப் பிரியுங்கள். மேல் நூலைப் பின்பக்கம் இழுத்து பாபின் நூலோடு முடிச்சிட்டு, இரண்டையும் கை ஊசியில் கோத்து, பேட்டிங்குக்குள்ளேயே ஒரு அங்குலம் ஓட்டி வெளியே எடுத்து, லேசாக இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டுங்கள். பின் புது பாபினோடு, விட்ட அதே ஊசித் துளையில் ஊசியை இறக்கித் தொடருங்கள். புது நூலின் முனைகளையும் இதே போல் உள்ளே அனுப்பிவிடுங்கள்.